ஏலமும் ஏலாமையும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் இளையோருக்காக ஆற்றப்பட்ட உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)

 

எனக்கு முன்னர் பேசியவர்கள் தாய்மொழியைப் பற்றியும் திருக்குறளைப் பற்றியும் அழகாகப் பேசிச் சென்றார்கள். நான் பேச வந்திருப்பது பழைய வீடியோ கேம்களைப் பற்றி. சிரிக்காதேயுங்கோ. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சென்ற வருடம் இதே மண்டபத்தில் பெரியவர்களிடம் கைவிசேடம் வாங்கிய ஒரு பிள்ளை, அந்தக் காசையும் சேர்த்து வைத்திருந்த காசையும் ஒரே இரவில் இணைய ஏலம் ஒன்றில் விட்டுவிட்டான். வந்து சேர்ந்தது பழைய கேம் ஒன்று. அதுவும் போலி. தகப்பன் என்னிடம் வந்து, "அண்ணை, நீங்களும் உந்தப் பழைய சாமான் வாங்கிறனீங்கள்தானே, உவனுக்கு ஒருக்கா புத்தி சொல்லுங்கோ" என்றார். புத்தி சொல்லும் தகுதி எனக்கு உண்டோ என்று தெரியாது. ஆனால் அதே குழியில் அவனுக்கு முன்னரே விழுந்து எழும்பியவன் என்ற தகுதி உண்டு. ஆகவே நான் கற்றுக்கொண்டதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஏலம் எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் கடற்கரையில் மீன் வந்து இறங்கியதும் கூறு போட்டு ஏலம் கூறுவார்கள். கோயில் திருவிழாவில் சுவாமிக்குப் படைத்த மாம்பழத்தை ஏலம் விடுவார்கள். இந்த இரண்டு ஏலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கோ. மீன் வியாபாரி மனதில் ஒரு கணக்கோடு நிற்பார். கணக்குத் தாண்டினால் வாய் திறக்க மாட்டார். கோயில் ஏலத்தில் கணக்கில்லை. ஒரு மாம்பழத்தை ஆயிரத்துக்குக் கேட்டாலும் அது கோயிலுக்குப் போகும், கேட்டவருக்கும் மனம் நிறையும். இணைய ஏலத்துக்குப் போகிறவர் மீன் வியாபாரி மாதிரிப் போகவேண்டும். நான் முதன்முதலில் போனது மாம்பழம் கேட்கப் போகிறவர் மாதிரி. என் நட்டத்துக்கெல்லாம் காரணம் அதுதான்.

முதலில் இந்தச் சாமான்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடும் கேமைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமோ? ரால்ஃப் பேர் என்பவர். 1922இல் ஜேர்மனியில் பிறந்த யூதர். யூதப் பிள்ளை என்பதால் பள்ளிக்கூடத்தில் இருந்து துரத்தப்பட்டவர். 1938இல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்காவுக்கு வந்தார். எங்களைப் போல ஓர் அகதி. 1966இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கொம்பனியில் பொறியியலாளராக இருந்தபோது அவருக்கு இந்த யோசனை வந்தது. அதில் இருந்துதான் 1972இல் மக்னவொக்ஸ் ஒடிசி என்ற முதலாவது வீட்டுக் கேம் இயந்திரம் வந்தது. அதே வருடம் கலிபோர்னியாவில் அட்டாரி கொம்பனி தொடங்கி, பொங் என்ற இயந்திரத்தை சனிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் வைத்தது. சில நாளில் இயந்திரம் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் போட்ட காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டு நின்றதாம்.

அப்படிக் காசு கொழித்த தொழில் 1983இல் விழுந்தது. அட்டாரி விற்காத கேம்களை லொறியில் ஏற்றி, நியூ மெக்சிக்கோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்தக் குப்பையைத் தோண்டி ஆயிரத்துக்கு மேற்பட்ட கேம்களை எடுத்தார்கள். நகரசபை அவற்றில் 880க்கு மேற்பட்டவற்றை ஈபேயில் ஏலம் விட்டு 1 இலட்சத்து 7 ஆயிரம் டொலருக்கு மேல் பெற்றது. 1983இல் கொட்டியதும் அதே பிளாஸ்ரிக், 2014இல் வாங்கியதும் அதே பிளாஸ்ரிக். இடையில் மாறியது என்ன? சின்ன வயதில் அதை விளையாடிய பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய கேமின் விலை வாங்குகிறவரின் மனதில் இருக்கிறது. இதை மறந்தால் கைவிசேடம் போய்விடும்.

இனி ஏலம் நடக்கும் முறைக்கு வருவோம். ஈபே 1995இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கியது. அங்கே முதலில் விற்றது உடைந்த லேசர் விளக்கு ஒன்று, 14 டொலர் 83 சதத்துக்கு என்று சொல்வார்கள். உடைந்ததற்கும் ஓர் ஆள் இருக்கிறார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது!

அங்கே ஏலம் கூறுகிற ஆள் கிடையாது. நீங்கள் கொடுக்கக்கூடிய ஆகக்கூடிய தொகையைப் பதிந்து வைத்தால், தேவையான அளவுக்கு மட்டும் கணினி உங்களுக்காகக் கேட்டுக்கொண்டு போகும். உதாரணமாக ஒரு கேமுக்கு இப்போது 12 டொலர் என்று காட்டுகிறது. இன்னொருவர் 25 வரைக்கும் கேட்டு வைத்திருக்கிறார், அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் 31 டொலர் 51 சதம் என்று பதிந்தால் விலை 26இல் வந்து நிற்கும். வேறு ஆள் வராவிட்டால் 26க்கே உங்களுக்குக் கிடைக்கும்.

அது ஏன் 31 டொலர் 51 சதம்? நான் கணக்கைப் பின்னால் இருந்து போடுவேன். இந்தச் சாமானுக்கு என் கையை விட்டுப் போகக்கூடியது 40 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கோ. தபாற் செலவு 6 டொலர். நியூ ஜேர்சியில் விற்பனை வரி 6.625 வீதம், அது தபாற் செலவின் மேலும் விழும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 31.51. பலர் 26ஐ மட்டும் பார்த்து மலிவு என்று துள்ளுவார்கள். கடைசியில் கட்டுவது 34 டொலர் 12 சதம். கலிபோர்னியாவிலும் ரெக்ஸாசிலும் வரி வீதம் வேறு. அங்குள்ள சொந்தக்காரர் தங்கள் ஊர் வீதத்தைப் போட்டுப் பார்க்கவேண்டும். முழு எண்ணாக இல்லாமல் சதமும் சேர்ப்பதில் இன்னொரு நன்மை உண்டு. அடுத்தவர் 31.50 என்று கேட்டிருந்தால் ஒரு சதத்தால் உங்களுக்கு விழும்.

அந்த 40 டொலரை எப்படித் தீர்மானிப்பது? ஆசைப்பட்டுக் கேட்கிற விலைகளைப் பார்க்காதேயுங்கோ. ஆரும் எதையும் கேட்கலாம். தேடும் இடத்தில் 'விற்று முடிந்தவை' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால் கடந்த 90 நாட்களில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தெரியும். பத்துப் பன்னிரண்டைப் பார்த்து நடுவில் உள்ளதை எடுங்கோ. அதைவிடக் குறைவாக உங்கள் எல்லையைப் போட்டு, ஒரு கடதாசியில் எழுதி வைத்துவிட்டுத்தான் ஏலத்துக்குப் போகவேண்டும். எழுதாத எல்லை எல்லையல்ல.

பிறகு நேரம். ஈபேயில் ஏலம் குறித்த செக்கனில் முடியும், யாரும் கேட்டதற்காக நீளாது. ஆகவே முன்கூட்டியே கேட்டு விலையை ஏற்றாமல், கடைசிப் பத்துச் செக்கனில் உங்கள் எல்லையை ஒரே ஒரு முறை பதியுங்கோ. கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் படுத்து நித்திரை கொள்ளுங்கோ. இலட்சக்கணக்கில் செய்து விற்ற சாமான் அடுத்த கிழமையும் வரும்.

மலிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்கிறேன். முதலாவது, எழுத்துப் பிழை. பொக்கிமான் என்பதைப் பொக்கிமேன் என்று எழுதி விற்பவர்கள் இன்றைக்கும் உண்டு. சரியாக எழுதித் தேடுகிறவர் கண்ணில் அது படுவது குறைவு. இரண்டாவது, கூறு. ஒரு வீட்டுப் பரணில் கிடந்த இயந்திரம், வயர், பத்துப் பதினைந்து கேம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகப் போடுவார்கள். தனித்தனியாக வாங்குவதிலும் பார்க்கப் பெரும்பாலும் மலிவாக விழும். தேவையில்லாததைத் திருப்பி விற்கலாம். மூன்றாவது, குட்வில் தர்ம ஸ்தாபனத்தின் ஏலத் தளம். கலிபோர்னியாவில் ஒரேஞ்ச் கவுண்டிக் கிளை 1999இல் தொடங்கியது. சனங்கள் தானமாகக் கொடுத்த சாமான் அங்கே வரும். பெரும்பாலும் இயங்குமா என்று சோதித்திருக்க மாட்டார்கள், ஆகவே பாதி விலைக்கு மேல் கேட்கக்கூடாது. நான்காவது, யப்பான். கேம் போய் கார்ட்ரிஜ் எந்த நாட்டினதும் எந்த நாட்டு இயந்திரத்திலும் ஓடும், எழுத்துத்தான் யப்பான் எழுத்து. ஆனால் 800 டொலருக்குட்பட்ட பொதிகளுக்கு இருந்த சுங்கவரி விலக்கை அமெரிக்க அரசு 2025 ஓகஸ்ட் 29இல் நிறுத்தியது. எனவே சுங்கவரியையும் சேர்த்துத்தான் மலிவோ என்று பார்க்கவேண்டும்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொக்கிமான் கார்ட்ரிஜ்களில் போலி மிக அதிகம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கோ. கேம் போய் அட்வான்ஸ் கார்ட்ரிஜ் என்றால், கீழே பொன்னிறப் பற்களுக்கு மேலே பலகையில் நின்டென்டோ என்ற பெயர் தெரியவேண்டும், முன் ஒட்டுத்தாளில் இரண்டு இலக்கம் அழுத்திப் பதிந்திருக்கவேண்டும். பின்பக்கப் படம் இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கோ, தராவிட்டால் விட்டுவிடுங்கோ. சொன்னதற்கு மாறான சாமான் வந்தால் திருப்பிக் கொடுக்க ஈபேயில் 30 நாள் தவணை உண்டு. ஆகவே வந்த அன்றைக்கே போட்டுப் பாருங்கோ, பெட்டியோடு அலுமாரியில் வைக்காதேயுங்கோ.

இனி என் கதை. நாங்கள் நியூ ஜேர்சிக்கு வந்தது 1997இல். அடுத்த வருடம் மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையளின் கையிலும் கேம் போய், அதில் சிவப்புப் பொக்கிமான். இவன் கேட்டான். நான் அப்போது இரவில் பெற்றோல் அடிக்கும் வேலை. இந்த மாநிலத்தில் பெற்றோலை வேலையாள்தான் அடிக்கவேண்டும் என்ற சட்டம் எங்களில் எத்தனை பேருக்குச் சோறு போட்டது என்று உங்களுக்குத் தெரியும். "பிறகு பாப்பம் தம்பி" என்றேன். அவன் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏசிவிட்டு மறந்திருப்பேன். கேட்காமல் விட்டதுதான் எனக்குள் கிடந்தது.

2019 மார்கழியில் மகன் ரெக்ஸாசில் இருந்து நத்தார் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னான். அவனுக்கு முப்பது வயது வரப்போகிறது. ஓர் ஏலத் தளத்தில் அதே கேம் போயும் சிவப்புக் கார்ட்ரிஜும் சேர்த்துப் போட்டிருந்ததைக் கண்டேன். விற்று முடிந்த விலையெல்லாம் பார்த்து, 70 டொலர் என்று எல்லை போட்டேன். கடைசி ஐந்து நிமிடத்தில் எதிரே யாரோ ஒருவர் ஏற்ற, நான் ஏற்ற, அவர் ஏற்ற... அந்த ஆள் ஆரென்று தெரியாது. ஆனால் எனக்கு அவர், என்ரை பிள்ளை கேட்ட சாமானைப் பறிக்க வந்தவர் மாதிரி இருந்தது. முடிவில் 163 டொலருக்கு எனக்கு விழுந்தது. மனைவிக்கு நான் விலையைச் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் அவவுக்கும் தெரிகிறது, மன்னிக்கவேணும்.

மகன் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தான். அன்றிரவு இரண்டு மணித்தியாலம் விளையாடிச் சேமித்தும் வைத்தான். விடிய எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கழற்றிப் பார்த்தோம். உள்ளே பற்றரியும் இல்லை, பலகையில் பெயரும் இல்லை. போலி. விற்றவர் அதற்குள் கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். காசு திரும்பி வர ஒன்றரை மாதம் அலைந்தேன்.

எனக்கு வந்த கோபத்தைப் பார்த்துவிட்டு மகன் சொன்னான்: "அப்பா, நீங்கள் ஏன் கவலைப்படுறீங்கள்? எனக்கு அந்தக் கேம் பெரிசா ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு ஃப்ரெண்ட் வீட்டை போவன். அங்கை அவன்ரை அம்மா சாப்பாடு தருவா. நீங்களும் அம்மாவும் வேலையால வர இருட்டியிடும். அதுதான் ஞாபகம்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. கதையோடு கதையாகச் சொன்னான். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

பிள்ளைகளே, அன்றைக்குத்தான் எனக்கு அந்த 163 டொலரின் கணக்கு விளங்கியது. நான் கேமுக்கு விலை கேட்கவில்லை. 1998ஆம் ஆண்டின் பின்னேரங்களுக்கு விலை கேட்டிருக்கிறேன். அவை ஏலத்துக்கு வருவதில்லை. ஊரில் நாங்கள் விட்டு வந்த வீட்டுப் படங்களும் அப்படித்தான். ஏலத்தில் எடுக்கக்கூடியது உண்டு, எடுக்க ஏலாததும் உண்டு. இரண்டையும் குழப்புகிறவனிடம்தான் சந்தை கூடிய விலை வாங்கும். ரெக்ஸாசின் டலஸ் நகரில் உள்ள ஹெரிற்றேஜ் ஏல நிறுவனத்தில் 2021 ஏப்ரலில் உடைக்காத பெட்டியில் இருந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் ஒன்று 6 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது. அதே வருடம் ஜூலையில் சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது. அதே மாரியோ 64 கார்ட்ரிஜைப் பெட்டி இல்லாமல் சில பத்து டொலருக்கு வாங்கி விளையாடலாம். விளையாட்டு ஒன்றுதான்.

இதன் பிறகு நான் ஏலத்தை விடவில்லை, முறையை மாற்றினேன். மீன் வியாபாரி மாதிரி நின்று, நான்கு தடவை தோற்று, ஐந்தாம் தடவை உண்மையான சிவப்புக் கார்ட்ரிஜை எனது எல்லைக்குள்ளேயே எடுத்தேன். சென்ற கோடையில் மகன் வீட்டுக்குப் போனபோது கொண்டு போனேன். அவர்கள் இருப்பது ஃபிரிஸ்கோவுக்குக் கிட்ட. அங்கே 2016இல் திறந்த தேசிய வீடியோ கேம் அருங்காட்சியகத்தையும் பேரனோடு போய்ப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து கார்ட்ரிஜைப் போட்டால், அதில் பழைய பிள்ளை ஒன்று சேமித்து வைத்த விளையாட்டு இன்னும் இருந்தது. பெயரும் இருந்தது. நூறு மணித்தியாலத்துக்கு மேல் விளையாடியிருக்கிறது. அந்த நினைவைக் காப்பது உள்ளே இருக்கும் நாணயம் மாதிரியான சின்னப் பற்றரி. அது செத்தால் எல்லாம் போய்விடும். பற்றரி என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமோ? 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்த பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். பேரனுக்கு அதைச் சொன்னேன். கதை விடுகிறேன் என்று நினைத்தான்.

புது விளையாட்டுச் சேமிக்கவேண்டுமென்றால் பழையதை அழிக்கவேண்டும், ஒன்றுக்குத்தான் இடம். "தாத்தா, இந்தப் பிள்ளையின்ரை பேரை அழிக்கவோ?" என்று பேரன் கேட்டான். யோசித்துவிட்டு, திரையை ஒரு படம் எடுத்து வைத்தோம். பிறகு மகன் பழைய பற்றரியைக் கழற்றிப் புதியதை ஈயம் வைத்து ஒட்டினான். பேரன் தன் பெயரை எழுதினான். மூன்று பேரும் நிலத்தில் இருந்து பின்னேரம் முழுக்க விளையாடினோம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எழும்பவில்லை.

ஆகவே இளையோரே, பழைய கேம் வாங்குங்கோ. அது குற்றமில்லை, நல்ல பொழுதுபோக்கு. விற்று முடிந்த விலையைப் பாருங்கோ. தபாலும் வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கோ. எல்லையை எழுதி வையுங்கோ. கடைசியில் ஒரே ஒரு முறை கேளுங்கோ. வந்தவுடன் சோதியுங்கோ. பெற்றோரே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை விளையாடும்போது ஒருக்கால் பக்கத்தில் போய் இருங்கோ. அதற்கு ஏலமும் இல்லை, வரியும் இல்லை.

சென்ற வருடம் காசை விட்ட அந்தத் தம்பி இன்றைக்கும் முன் வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். இந்த வருடக் கைவிசேடத்தைப் பத்திரமாக வைத்திரும். கூட்டம் முடிய என்னட்டை வாரும். இரண்டு பேரும் இருந்து ஒரு எல்லை போடுவம்.